வறட்சி மாதத்துக் கீரை

ஐசில்டா எபாங்க்ஸுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது எங்கள் ஊருக்கே தெரிந்த விஷயம். விவசாய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, பாத்திக்கு எத்தனை அங்குல இடைவெளி விட வேண்டும் என்று ஆரம்பித்தால், புல் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை மரியாதையாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும், "சரிங்க சார், உங்க தோட்டத்துல எப்படி வருது?" என்பாள். அதிகாரிக்குத் தோட்டம் கிடையாது. அடுத்த வருடம் வேறொரு அதிகாரி வருவார், அவருக்கும் மூக்கு உடைபடும்.

இதை நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. கடைசியில் அவள் ஒருத்தி பேச்சைக் கேட்டாள், அந்த ஒருத்தி நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செயின்ட் எலிசபெத் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. ஜமைக்காவுக்கு வரும் மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். எங்களுக்குச் சிவப்பு மண்ணும் காற்றும்தான் மிச்சம். ஆனாலும் நாட்டின் பாதிச் சந்தைகளுக்கு இங்கிருந்துதான் கீரையும் வெங்காயத்தாளும் போகின்றன. எல்லாம் கினிப்புல்லின் தயவு. புல்லை அறுத்துக் கழுதைமேல் ஏற்றி வந்து, பாத்தி முழுக்க ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, அதில் விரலால் துளை போட்டு நாற்றை ஊன்றுவோம். ராத்திரி இறங்கும் பனியைப் புல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐசி பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தப் புல்லைத் தூக்க ஆரம்பித்தவள். அவள் இடது தோள் வலது தோளைவிட இறங்கியே இருக்கும்.

அவள் பயிரிட்டது கலலூ என்று நாங்கள் சொல்லும் தண்டுக்கீரை. அதிலும் இரண்டு ஜாதி. மழை மாதங்களில் கடையில் வாங்கிய விதை போடுவாள். உள்ளங்கையைவிடப் பெரிய இலை, வெளிர்ப்பச்சை, கிள்ளினால் தண்ணீர் சொட்டும். டிசம்பரில் மழை நின்று வறட்சி ஆரம்பித்தால் அது பூத்து வீணாகிவிடும். அப்போது அவள் தானே வருடா வருடம் எடுத்து வைக்கும் விதையை ஊன்றுவாள். கறுப்புக் கீரை என்று அதற்குப் பெயர். இலை சின்னது, தோல் மாதிரி தடிப்பு, நரம்பு சிவப்பு, பச்சை முற்றிக் கறுத்துப் போயிருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் கறுக்கும். சந்தைக்காரிகள் அதைச் சின்னக் கட்டாகக் கட்டிப் பெரிய கட்டின் விலைக்கே விற்பார்கள். யாரும் சண்டை போட்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளும் ரத்தம் செத்துப்போனவர்களும் அதற்காகவே காத்திருப்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் டெல்மரிண். ஊர் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். ஊரார் என்னை நர்ஸ் என்று கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. நீலச் சட்டை, கையில் தாள் வைத்த அட்டை, வீடு வீடாகப் போய் மாத்திரையை விழுங்கினார்களா என்று பார்ப்பது என் வேலை. ஐசியும் நானும் ஒரே வயது, தேவாலயத்தில் ஒரே பெஞ்சு.

ஐசியின் கணவர் லசெல்ஸ் ஒரு கொத்தனார். ஊரிலேயே பெரிய வாய். டாமினோ ஆட்டத்தில் கட்டையை மேஜையில் அறையும் சத்தம் தேவாலயம்வரை கேட்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவர் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. அது ஐம்பத்து நான்கு வயதில், சாரத்தின்மேல் நிற்கும்போது, மூச்சு முட்டி அவர் சரிந்தபோதுதான் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் கிங்ஸ்டனுக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் பிளந்து உலோக வால்வு வைத்து அனுப்பினார்கள். பதினெட்டு நாள் ஐசி அந்த வார்டின் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவள் பாதி ஆளாக வந்தாள். வாயாடிக் கணவர் குழாய்களுக்கு நடுவே கிடந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. அதுவரை அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டக்கூடாது. அதற்காக ஆயுள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். இளகல் கூடினால் மூளைக்குள் கசியும், குறைந்தால் கட்டி பிடிக்கும். அதனால் அவ்வப்போது ரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள், அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு காலை, அச்சடித்த தாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"இங்க பாருங்க, மிஸ்டர் லசெல்ஸ்," என்றேன். "பச்சைக் கீரையில ஒரு சத்து இருக்கு. ரத்தத்தைக் கட்ட வைக்குறது அதுதான். மத்தவங்களுக்கு ரொம்ப நல்லது. உங்க மாத்திரைக்கு அதுதான் எதிரி."

"போச்சு!" என்றார் அவர். "கீரைக்காரியக் கட்டிக்கிட்டவனுக்குக் கீரை எதிரியாம். ஐசி, உன்னைத் தள்ளி வைக்கச் சொல்றா நர்ஸ்."

"வாய மூடிட்டுக் கேளுங்க," என்றாள் ஐசி. "நிறுத்திடவா டெல்?"

"நிறுத்த வேணாம். அவரு நாப்பது வருஷமா தினம் காலைல கீரை சாப்பிடுறவரு. அதையும் சேத்துத்தான் டாக்டர் மாத்திரைக் கணக்கு போடுவாரு. கூட்டாத, கொறைக்காத. தினமும் ஒரே அளவு. அவ்வளவுதான்."

"எந்த அளவு?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். அடுப்படியில் நீல விளிம்பு போட்ட ஒரு எனாமல் குவளை இருந்தது. "வேக வெச்சு, தண்ணிய வடிச்சு, இது நெறைய," என்றேன்.

அன்றிலிருந்து அதை அவள் பூஜை மாதிரி செய்தாள். காலையில் கீரையை வேகவைத்து வடித்து, குவளையில் அமுக்கி, மேலே கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்தி, அதன்பிறகே வெங்காயத்தாளும் தைம் இலையும் போட்டு வதக்குவாள். லசெல்ஸ் வருகிற போகிறவர்களிடமெல்லாம், "தங்கம் நிறுக்குறாப்பா என் பொண்டாட்டி, ஒரு தூசி கூட விட மாட்டா," என்று நாடகம் காட்டுவார். மாத்திரை டப்பாவில் கிழமைக்கு ஒரு அறை. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் முடிந்து வந்து ஏழு அறையையும் அவளே நிரப்புவாள். மாலை ஆறு மணிக்கு, அவர் டாமினோ மேஜையில் இருந்தாலும், ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்து நிற்பாள். விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் போவாள்.

செப்டம்பர் கடைசியில் எண் சரி. அக்டோபரில் சரி. டிசம்பர் நடுவில் அதைவிடச் சரி. "இவ்வளவு ஒழுங்கா இருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்தாப் போதும்," என்றார் டாக்டர். நான் நிலையம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். யார் பேச்சையும் கேட்காத ஐசில்டா என் பேச்சைக் கேட்கிறாள், அதனால் அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று நானே நம்பவும் ஆரம்பித்தேன்.

அந்த வருடம் மழை சீக்கிரமே நின்றது. புத்தாண்டுக்குள் தொட்டிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்கு ஊர் முழுக்க வரிசை. கடை விதைக் கீரை மொத்தமும் பூத்து நின்றது. ஜனவரி இரண்டாவது வாரத்தில் ஐசியின் தோட்டத்தில் கறுப்புக் கீரை மட்டும்தான்.

ஜனவரி இருபதாம் தேதி அவள் நிலையத்துக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் நாள், பெஞ்சுகள் நிறைய ஜனம். நான் காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை. அவள் வரிசையைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்து, ஒரு பிடி கறுப்புக் கீரையை என் பதிவுத்தாள்மேல் வைத்தாள்.

"டெல், ஒண்ணு கேக்கணும்."

"கேளு, சட்டுனு கேளு. தாளை நனைக்காத."

"குவளை அதேதான். ஆனா கீரை அது இல்ல. போன மாசம் வடிக்குற தண்ணி வெளுப்பா இருக்கும். இப்போ கடுங்காப்பியாட்டம் வருது. கைய மூணு தடவை கழுவுனாலும் பச்சை போக மாட்டேங்குது. இதுல சரக்கு அதிகம். வயித்துப் பிள்ளைக்காரிங்க இதைத்தானே தேடி வாங்குறாங்க, சும்மாவா? மழைக் கீரை ரெண்டு குவளை தின்னாலும் இது ஒரு குவளைக்கு ஈடாகாது. நான் பாதியாக் கொறைச்சிடட்டுமா?"

அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இத்தனை பேருக்கு நடுவில் என் தாளை ஒருத்தி கேள்வி கேட்கிறாள்.

"ஐசி, நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?" என்றேன்.

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல டெல், நான் கீரைய வெச்சு…"

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"ஒரே அளவு."

"அப்புறம் என்ன? கீரைன்னா கீரை. நீயா பாதியாக் கொறைச்சு, நம்பர் எகிறி, அவருக்கு மூளையில ரத்தம் கசிஞ்சா யாரு பதில் சொல்றது? நானா?"

அந்த வார்த்தை அவளைப் போட்டு அடித்துவிட்டது. கிங்ஸ்டன் வார்டு அவள் கண்ணுக்குள் வந்து போயிருக்க வேண்டும். கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

ஐசில்டா வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. உள் அறையில் டாக்டர் இருந்தார், எட்டு அடி தூரம். எழுந்து போய், 'கீரை மாறியிருக்கிறதாம், ரத்தத்தைக் கொஞ்சம் முன்னாலேயே பார்க்கலாமா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிப்ரவரி நடுவில் பரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். ரத்தம் பார்க்கும் ரசாயனம் இன்னும் வந்து சேரவில்லை, மார்ச் முதல் வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். லசெல்ஸ் பார்க்க நன்றாகவே இருந்தார். கன்னம் பூசியிருந்தது. "கறுப்புக் கீரை நர்ஸ், கறுப்புக் கீரை! இன்னும் ஒரு மாசம் இதைத் தின்னா சாரத்துமேல ஏறிடுவேன்," என்று மார்பைத் தட்டிக் காட்டினார். ஐசி அவர் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கார்டில் புதுத் தேதியை எழுதிக்கொடுத்தேன்.

அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஏழு மணிக்கு, அவர் மேஜை முன் உட்கார்ந்து அவித்த வாழைக்காயும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நழுவியது. அவர் ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. அவர் தினமும் ஏதாவது கோணங்கித்தனம் செய்கிறவர்தானே. "காலங்காத்தால வெளையாடாதீங்க, வேலை கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள். நாற்காலி சாயும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள்.

ஆள் வந்து சொல்லி நான் ஓடினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை செத்துக் கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க ஐசி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாத்திரை கொடுத்தேனே, நேத்துக்கூடக் கொடுத்தேனே," என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எண் ஒன்று புள்ளி மூன்று. மாத்திரையே சாப்பிடாதவனுடைய ரத்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வால்வில் கட்டி பிடித்து, அதில் ஒரு துண்டு மூளைக்குப் போயிருக்கிறது என்றார் அங்கிருந்த இளம் டாக்டர்.

"கீரை எதுவும் அதிகமாச் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். தினம் ஒரே அளவுதான். ஒரு குவளை," என்றாள் ஐசி.

டாக்டர் என் நீலச் சட்டையைப் பார்த்து, என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணை நான் பார்த்தேன். ஐசியும் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ஒரே அளவுதான்," என்றேன்.

"அப்போ மாத்திரைய விட்டிருக்கார்."

"ஒரு நாள்கூட விடல டாக்டர்!" ஐசியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "நான் நின்னு கொடுத்தேன். வாயத் தெறந்து பார்த்தேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க," என்று அவர் அலுப்போடு எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார். என் வாய்க்குள் வார்த்தை இருந்தது. கீரை ஜாதி மாறியது, பருவம் மாறியது, அவள் வந்து கேட்டாள், நான் விரட்டினேன். நான்கே விஷயம். நான் வாயைத் திறக்கவில்லை.

லசெல்ஸ் ஒன்பது நாள் கிடந்து, ஒரு வார்த்தையும் திரும்பி வராமலே போனார்.

அந்தத் தாளில் எழுதியிருந்தது எப்படியோ ஊருக்கு வந்து சேர்ந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பியும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டே குசுகுசுத்தார்கள். "மிஸ் ஐசிக்குத் தோட்டம்தான் முக்கியம், மாத்திரைய மறந்திருப்பா." "அவதான் யார் சொன்னாலும் கேக்க மாட்டாளே." கேமன் தீவில் ஓட்டலில் வேலை பார்க்கும் மகன் அடக்கத்துக்கு வந்திருந்தான். அம்மாவோடு ஒரே வீட்டில் தங்காமல் சித்தப்பா வீட்டில் தங்கினான். போகும்போது அவள் கையைத் தொடாமல் காரில் ஏறினான். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தட்டுகளை அடுக்கிக்கொண்டு.

ஏழு வாரம் தாங்கினேன். பிறகு ஒரு நாள் எங்கள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் அந்தச் சத்து ஏறி இறங்கத்தான் செய்யும், இரண்டும் சேர்ந்து மாறினால் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இனிமேல் நிரூபிக்க முடியாது என்றார். "அந்தம்மா முன்னாலேயே சொல்லியிருக்கலாமே," என்றார். "சொன்னாங்க, என்கிட்ட சொன்னாங்க," என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு பேச்சுப் பேசினார்.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான். அதன்பிறகுதான் அவளிடம் போனேன். மே மாதம், முதல் மழை விழுந்திருந்தது. ஐசி பாத்தியில் முட்டி போட்டுப் புல் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"ஐசி," என்றேன். "அன்னிக்கு நீ கேட்டது சரி. நான்தான் தப்பு. ஆஸ்பத்திரியிலயும் வாயத் தெறக்காம நின்னுட்டேன். உன் மேல பழி போச்சு."

"தெரியும்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உன் மகன்கிட்டயும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்றேன்."

"சொல்லு. உன் மனசு ஆறும்."

"என்னை மன்னிச்சிடு ஐசி."

அவள் ஒரு கை புல்லை எடுத்துப் பிரித்து, இடைவெளி தெரியாமல் வைத்து அமுக்கினாள். அடுத்த கை எடுத்தாள். அதையும் வைத்து முடித்த பிறகே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உன்னை மன்னிக்குறதுக்கு என்ன டெல். உனக்குக் கீரையப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நாப்பது நாள் என் கையால போட்டேன்."